எடைக்குப் போன மாயாவி

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

அஞ்சல்தலை சேர்ப்பவரை ‘நல்ல பொழுதுபோக்கு’ என்று பாராட்டுகிறோம். பழைய நாணயம் சேர்ப்பவரை ஆராய்ச்சியாளர் வரிசையில் வைக்கிறோம். ஓலைச்சுவடி தேடியவரைத் தமிழ்த் தாத்தா என்று போற்றுகிறோம். ஆனால் பழைய சித்திரக்கதைப் புத்தகம் சேர்க்கிறவனைக் கண்டால் மட்டும், ‘இவனுக்கு இன்னும் பிள்ளைத்தனம் போகவில்லை’ என்று சிரிக்கிறோம். இந்தச் சிரிப்பை நம் வகுப்பறையிலேயே நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சிரித்தவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் இவற்றை ஏன் சேர்க்க வேண்டும், எப்படிச் சேர்க்க வேண்டும் என்று நான் கருதுவதை இம்மலரின் வாயிலாகச் சொல்லிவிட விரும்புகிறேன்.

1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஒருவன். உடலில் மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை மட்டும் தெரிய, மற்ற உடல் முழுவதும் மறைந்துவிடும். 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் பிறந்தவன் இவன்; வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, ஸ்பானியர் கையால் வரையப்பட்டு, சிவகாசியில் அச்சாகி, நம் ஊர்ப் பெட்டிக்கடையில் தொங்கிய நாயகன்! 1984ஆம் ஆண்டு லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் ஆகிய இரண்டும் வந்தன. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுபோனது. முத்துவும் லயனும் இன்றும் வருகின்றன.

1984இல் என் அப்பாவுக்கு வயது பன்னிரண்டு. தாத்தா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் டர்னர். ராணி காமிக்ஸ் அப்போது ஒன்றரை ரூபாய். அந்த ஒன்றரை ரூபாய் சேர்வதற்குள் அப்பா எத்தனை நாள் கடைக்கு நடந்து போய் மீதிச் சில்லறைக்குக் கெஞ்சியிருப்பார் என்பதை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். பழைய இதழ் வேண்டுமென்றால் அம்பத்தூரில் மின்ரயில் ஏறி மூர் மார்க்கெட் போவாராம். 1985இல் அந்த மார்க்கெட் தீக்கிரையானது. ஆவடித் தடத்தில் தினமும் வரும் நண்பர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம்: நம் ரயில் போய் நிற்கும் இடத்துக்கு இன்றும் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்றுதான் பெயர். பெயர் இருக்கிறது, பழைய புத்தகக் கடைகள் நிறைந்த அந்தச் செங்கல் கட்டடம் இல்லை. காகிதத்தின் கதியும் பெரும்பாலும் இதுதான்.

இனி அமெரிக்காவைப் பார்ப்போம். 1938இல் பத்து சென்ட் விலைக்கு விற்ற ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில்தான் சூப்பர்மேன் அறிமுகமானான். அந்த இதழின் ஒரு பிரதி 2024ஆம் ஆண்டு 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஏன் இவ்வளவு விலை? சிறுவர்கள் அதைப் படித்தார்கள், கைமாற்றினார்கள், கிழித்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூட்டை மூட்டையாகப் பழைய காகிதம் திரட்டிக் கொடுத்தார்கள். எல்லாரும் தூக்கி எறிந்ததால்தான் எறியாதவனிடம் இருந்தது பொன்னாயிற்று. சூப்பர்மேனைப் படைத்த ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரு இளைஞர்களும் அவனுடைய உரிமையை 1938இல் விற்றுப் பெற்ற தொகை 130 டாலர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அதே சீகல்தான் 1960களில் இங்கிலாந்து இதழுக்காக ‘ஸ்பைடர்’ கதைகளை எழுதினார். அந்த ஸ்பைடர் லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழ் பேசினான். ஆகவே அம்பத்தூர்ச் சிறுவனுக்கும் சூப்பர்மேனுக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது.

அமெரிக்காவில் இப்புத்தகங்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சி.ஜி.சி. என்னும் நிறுவனம் பத்துக்கு இத்தனை என்று எண் கொடுத்து, புத்தகத்தைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடிவிடுகிறது. அட்டை மடிந்திருக்கிறதா, மூலை மழுங்கியிருக்கிறதா, ஸ்டேப்பிள் பின் துருவேறியிருக்கிறதா, தாள் மஞ்சளாகிவிட்டதா என்று ஒவ்வொன்றையும் பார்க்கிறார்கள். ஒன்பதுக்கு மேல் வாங்கியவை உயர்தரப் பிரதிகள். அந்த உறையைத் திறந்தால் மதிப்பெண் போய்விடும். எனவே யாரும் திறப்பதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இதுவோ ஏடே படிப்புக்கு உதவாத நிலை.

இதைக் கேலியாகச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஏனெனில் இந்த நோய் எனக்கும் வந்தது. கல்லூரியில் சேர்ந்த ஆண்டு பூந்தமல்லியில் ஒரு பழைய பேப்பர் கடையில், கட்டிவைத்த மூட்டைக்குள் அட்டை கசங்காத ராணி காமிக்ஸ் இதழ்கள் பதினொன்று கிடைத்தன. கடைக்காரர் அவற்றைத் தராசில் வைத்தே விலை சொன்னார். அன்று முதல் வாரந்தோறும் போனேன். “என்ன தம்பி, மறுபடியும் பொம்மை புக்கா?” என்று கேட்டுக்கொண்டே எடுத்துப் போடுவார். நல்ல பிரதி கிடைத்தால், முன்பு வாங்கிய சுமாரான பிரதியைக் கழித்துவிடுவேன். ஒவ்வொன்றையும் உறையில் இட்டு, பின்னால் அட்டை வைத்து, அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். ஆறாம் வகுப்புப் படிக்கிறான். “அண்ணா, ஒரே ஒரு புக்கு. இங்கயே உக்காந்து பாத்துட்டுக் குடுத்துடறேன்” என்றான். கையில் முறுக்கு எண்ணெய் இருந்தது. “இதெல்லாம் படிக்கிறதுக்கு இல்லடா” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என்னவென்று எனக்கே உறைத்தது. உள்ளேயிருந்த அப்பா வெளியே வந்து, பையனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பெட்டியில வெச்சது என்னாச்சுன்னு மறந்துட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

மறக்கவில்லை. 2015 டிசம்பர் மழையில் எங்கள் தெருவுக்குள் ஏரித் தண்ணீர் புகுந்தபோது எனக்குப் பதினொரு வயது. அப்பா இளமை முதல் பொன்போல் காத்த இதழ்கள் கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில் இருந்தன. பாச்சை உருண்டை போட்டு, வெள்ளைத் துணி சுற்றி, எங்களைக்கூடத் தொடவிடாமல் வைத்திருந்தார். நான்காம் நாள் பெட்டியைத் திறந்தபோது உள்ளே புத்தகம் இல்லை, கூழ் இருந்தது. அப்பா அதைக் கையால் அள்ளி வாசலில் போட்டார். ஒன்றும் பேசவில்லை.

ஆனால் ஒரு தொகுதி பிழைத்தது. பள்ளி நாட்களில் இருபது முப்பது இதழ்களை ஒன்றாகச் சேர்த்து பைண்டிங் செய்து வைத்திருந்தார். பைண்டர் மூன்று பக்கமும் வெட்டிவிட்டதால் சில இடங்களில் வசனத்தின் கடைசி எழுத்தே இல்லை. பக்கங்களில் யார் யாரோ பேனாவால் எழுதிய பெயர்கள். அதை ஆவடியிலுள்ள நண்பர் ஒருவர் தம் மகன் படிப்பதற்காக வாங்கிப் போய், இரண்டு ஆண்டுகளாகத் திருப்பித் தராமலிருந்தார். அப்பா அதைச் சொல்லி அடிக்கடி அலுத்துக்கொள்வார். வெள்ளம் வடிந்த பிறகு அவரே கொண்டுவந்து கொடுத்தார். பூட்டி வைத்தது போயிற்று. கடன் கொடுத்தது திரும்பி வந்தது. சி.ஜி.சி.யின் அளவுகோலில் அந்தத் தொகுதி எங்கே நிற்குமோ, எங்கள் வீட்டில் அதற்குத்தான் முதலிடம்.

அப்படியானால் நல்ல நிலையில் சேர்ப்பதே வீண் என்கிறேனா? இல்லை. கைமாறிக்கொண்டே இருந்தாலும் காகிதம் அழியும். அது ஆண்டுக்கணக்கில் மெல்ல அழியும், அவ்வளவுதான். அக்காலச் சித்திரக்கதைகள் பெரும்பாலும் மலிவுத் தாளில் அச்சானவை. மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சத்திலும் காற்றிலும் மாறுதலடைந்து தாளை மஞ்சளாக்குகிறது. அதிலுள்ள அமிலம் நாளடைவில் தாளை நொறுங்க வைக்கிறது. நம் ஊர் வெயிலும் ஈரமும் அதை விரைவுபடுத்துகின்றன. போதாததற்கு ராமபாணப் பூச்சி, கரையான். கிழிந்த இடத்தில் அன்போடு ஒட்டும் செல்லோ டேப்பும் சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளையே கெடுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு இதழுக்கும் ஒரு நல்ல பிரதியாவது எங்கேனும் முறையாகக் காக்கப்பட வேண்டும். அமிலமற்ற அட்டை, பாலியெஸ்டர் உறை, இருளான உலர்ந்த அலமாரி, தரையிலிருந்து உயரமான தட்டு ஆகியவை போதும். கடைசியில் சொன்னதை அம்பத்தூர், கொரட்டூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

‘ஆங்கிலக் கதையின் மொழிபெயர்ப்புத்தானே, இதில் தமிழ் வரலாறு என்ன இருக்கிறது?’ என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கதை வெளிநாட்டுடையதாக இருக்கலாம். அதைத் தமிழாக்கிய நடை நம்முடையது. அட்டையில் அச்சான விலை, உள்ளே வந்த விளம்பரம், வாசகர் கடிதம், அக்கடிதத்தின் கீழ் இருக்கும் ஊர்ப் பெயர் எல்லாம் நம்முடையவை. எந்தச் சிற்றூரில் எந்த ஆண்டு ஒரு சிறுவன் எதைப் படித்தான் என்பதற்கு இவற்றைவிட நேரான சான்று வேறு ஏது? இக்கதைகளில் குறையும் உண்டு. காட்டுவாசிகளை அறிவற்றவர்களாகவும் வெள்ளையரை மீட்பராகவும் காட்டும் பக்கங்களைக் கண்டு நான் முகம் சுளித்திருக்கிறேன். ஆனால் குறையையும் சான்றோடுதான் பேச முடியும். புத்தகம் எடைக்குப் போய்விட்டால் பாராட்டவும் முடியாது, கண்டிக்கவும் முடியாது.

இதற்கு முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பெரிய படிப்போ பதவியோ இல்லாத அவர் ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் பிறவற்றையும் சேர்த்தார். புலவர்கள் மதித்த நூல்களோடு நில்லாமல் நாடக நோட்டீசு, சினிமாப் பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று பிறர் குப்பை என்றவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அதைக் கொண்டு 1994இல் சென்னையிலேயே அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இன்று அது தரமணியில் இருக்கிறது. அவருடைய தொகுப்பின் பெருமை, அது கலையாமல் இருந்ததிலும், யார் வந்து கேட்டாலும் படிக்கக் கிடைப்பதிலும் இருக்கிறது. உயர்தரச் சேகரிப்பு என்றால் என்ன என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான்.

இப்போது என் வழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கிறேன். சுமாரான பிரதிகளை நான் கழிப்பதில்லை. நல்லது ஒன்று அலமாரிக்கு. சுமாரானது ஒன்று கைமாற்றுக்கு. பக்கத்து வீட்டுப் பையன் இதுவரை பதினான்கு புத்தகம் படித்துவிட்டான். இரண்டில் எண்ணெய்க் கறை. இருக்கட்டும்.

நம் கல்லூரி நூலகத்துக்கும் ஒரு வேண்டுகோள். அங்கே ஒரே ஒரு தட்டு ஒதுக்கித் தாருங்கள். எண் போட்டு, பட்டியல் எழுதி, துணைநூலாக அங்கேயே அமர்ந்து படிக்க வையுங்கள். பூட்டிய அலமாரியில் உள்ள என் பிரதிகளை நான் முதலில் தருகிறேன். இவற்றை நகலெடுத்துப் பரப்ப நமக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரே இடத்தில் கூட்டிக் காக்க யாரும் தடை சொல்லப் போவதில்லை.

நண்பர்களே, ஆற்றுப் பெருக்கில் ஏடுகளை விட்ட மக்களைப் பற்றி உ.வே.சாமிநாதையர் வருந்தி எழுதியதைப் படித்து நாம் பெருமூச்சு விடுகிறோம். நம் வீட்டில் ஆண்டுதோறும் நடப்பது என்ன? போகி வருமுன் பரண் ஒழிக்கிறோம். பழைய பேப்பர்க்காரர் தராசோடு வாசலில் நிற்கிறார். அடுத்த போகிக்கு முன் ஒருமுறை அந்த மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள். உள்ளே அட்டை கிழிந்த இரும்புக்கை மாயாவி இருந்தால், தராசில் போடாதீர்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, மூன்றாம் ஆண்டு வரலாற்று வகுப்பில் என்னிடம் கொடுங்கள்.