மங்கிய தோலும் திருத்திய தாளும்

அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் 1776 ஜூலை 4 அன்று எல்லோரும் வரிசையாக நின்று கையெழுத்துப் போட்டார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லீங்க! அன்று வாசகத்துக்கு ஒப்புதல் கிடைத்தது, அவ்வளவுதான். இரவோடு இரவாக ஜான் டன்லப் என்ற அச்சகக்காரர் சுமார் 200 பிரதிகள் அடித்துக் கொடுத்தார். தோலில் அழகாக எழுதிய பிரதியில் பெரும்பாலானோர் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2-ல்.

(டன்லப் பிரதிகளில் ஒன்று 4 டாலருக்கு வாங்கிய ஒரு பழைய படச் சட்டத்துக்குள் கிடைத்தது. 1991-ல் ஏலத்தில் 24 லட்சம் டாலருக்கு மேல் போனது. நமக்கெல்லாம் சட்டத்தில் செல்லரித்த தாள்தான் கிடைக்கும்!)

வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜனம் வரிசையில் நின்று பார்ப்பது அந்தத் தோலைத்தான். ஆனால் அதில் எழுத்து ஏறக்குறைய போய்விட்டது. 1841 முதல் 1876 வரை காப்புரிமை அலுவலகத்தில் ஜன்னலுக்கு எதிரே மாட்டி வைத்திருந்தார்கள். 35 வருஷ வெளிச்சம்! இப்போது ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிக்குள் காக்கிறார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது வேறொன்று. அதே ஊரில் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கும் ஜெஃபர்சனின் கையெழுத்து வரைவு. ஆடம்ஸ், ஃபிராங்க்ளின் செய்த திருத்தங்களும் அதில் உண்டு. பிரகடனத்தில் இல்லாத ஒரு பத்தியும் உண்டு: அடிமை வியாபாரத்துக்காக இங்கிலாந்து ராஜாவைக் குற்றம் சாட்டும் பத்தி. காங்கிரஸ் அதை நீக்கிவிட்டது. தென் கரோலினா, ஜார்ஜியாவின் மனம் கோணக் கூடாது என்பதற்காக நீக்கினார்கள், வடக்கத்தியவர்களுக்கும் அது உறுத்தியது என்று ஜெஃபர்சனே பிற்பாடு எழுதி வைத்தார். அவர் மட்டும் யோக்கியமா? வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். அந்தப் பத்தியிலேயே, அடிமைகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டிவிடுகிறார் என்றும் ராஜா மேல் பழி போட்டிருக்கிறார்!

நிறைவேறியதுதானே சரித்திரம், வரைவுக்கு என்ன மரியாதை என்று கேட்பீர்கள். எல்லா மனிதரும் சமம் என்ற வரியை வைத்துக்கொண்டு இந்தப் பத்தியை மட்டும் எடுத்தார்களே, அது தெரியாமல் நடந்ததில்லை. தெரிந்தே எடுத்தார்கள் என்பதற்குச் சாட்சி அந்த வரைவுதான். மங்கிய தோலுக்குப் பக்கத்திலேயே அதன் நகல் ஒன்றையும், அந்தப் பத்தி கண்ணில் படும்படி வைக்க வேண்டும்.