விடையைப் பார்த்து எழுதிய கணக்கு

எல் பாஸோவையும் சியுடாட் ஹுவாரெஸையும் அருகருகே நிறுத்திவைத்து, துப்பாக்கிச் சட்டத்தை இறுக்கினால் பிணம்தான் விழும் என்று தீர்ப்பே எழுதிவிட்டார் ஒரு கட்டுரையாளர். ரியோ கிராண்டே ஆற்றின் வடகரையில், டெக்சாஸின் தாராளச் சட்டத்தின் கீழ், 2010இல் 5 கொலைகள். தென்கரையில், மெக்சிகோவின் கெடுபிடிச் சட்டத்தின் கீழ், அதே ஆண்டில் 3,000க்கும் மேல். எண்கள் சரிதான். அவற்றைப் பிழையில்லாமல் படியெடுத்ததோடு அவருடைய ஆராய்ச்சி முடிந்துபோனதுதான் வில்லங்கம்.

அந்தக் கெடுபிடிச் சட்டம் என்ன, 2010இல் திடீரென்று முளைத்ததா? 2007இல் அதே ஹுவாரெஸில் ஏறத்தாழ 300 கொலைகள். 2015இலும் ஏறத்தாழ அவ்வளவே. நடுவில் கொலை பத்து மடங்கு ஏறி இறங்கியிருக்கிறது, சட்டமோ போட்டது போட்டபடி கிடந்திருக்கிறது. பிறகு அதை எப்படி ஐயா காரணம் என்பது? நம் தருக்க நூலார் ஏதுப்போலி என்று ஒதுக்கிவைத்த சரக்கை இவர் புள்ளியியல் என்று விற்கிறார். 2006 டிசம்பரில் மெக்சிகோ அதிபர் கால்டெரோன் ராணுவத்தை இறக்கியது, 2008 முதல் போதைப்பொருள் கடத்தல் வழிக்காகச் சினலோவா கும்பலும் ஹுவாரெஸ் கும்பலும் வெட்டி மடிந்தது, கொன்றவர்களில் பெரும்பாலோர் தண்டனையே இல்லாமல் உலவியது பற்றிக் கட்டுரையில் மூச்சே இல்லை. ஆண்டுகள் பல இருக்க, உச்சம் தொட்ட அந்த ஒன்றை மட்டும் அவர் பொறுக்கியெடுத்தது தற்செயல் என்று நம்பும் வாசகர் நம்பட்டும்.

சரி, அந்தத் துப்பாக்கிகள் எங்கிருந்து வந்தன? பல பத்தாண்டுகளாக மெக்சிகோவில் பொதுமக்கள் சட்டப்படி துப்பாக்கி வாங்க ஒரே ஒரு கடைதான் இருந்தது. அதுவும் தலைநகரில், ராணுவத்தின் பொறுப்பில். டெக்சாஸிலோ உரிமம் பெற்ற வியாபாரிகள் ஆயிரக்கணக்கில். 2009 முதல் 2014 வரை மெக்சிகோவில் பிடிபட்டு, பூர்வீகம் கண்டறிய அமெரிக்க அதிகாரிகளிடம் கொடுக்கப்பட்டவற்றில் சுமார் 70 சதவீதம் அமெரிக்கச் சரக்கு. கொடுக்கப்பட்டவற்றின் கணக்குதானே என்று அவர் துள்ளுவார். துள்ளட்டும், மிச்சம் எங்கிருந்து வந்தது என்பதை அவரே சொல்லட்டும். 2012 பிப்ரவரியில் ஹுவாரெஸ் எல்லைப் பாலத்தருகே கால்டெரோன் திறந்துவைத்த பெரும்பலகையின் எழுத்துகள், பறிமுதலான துப்பாக்கிகளை நசுக்கிச் செய்தவை. இனி ஆயுதங்கள் வேண்டாம் என்ற அந்த வாசகம் ஸ்பானியத்தில் அல்ல, ஆங்கிலத்தில், அமெரிக்காவைப் பார்த்து நின்றது. தாராளச் சட்டம் வடகரைக்கு அமைதியையும் தென்கரைக்குத் தோட்டாவையும் தந்தது என்றல்லவா அவர் எழுதியிருக்க வேண்டும்?

இன்னோர் எல்லையில் அவர் அடிக்கும் பல்டி இதைவிட ருசி. அதே 2010இல் டெட்ராய்ட்டில் 300க்கும் மேல் கொலைகள். ஆற்றுக்கு எதிரே, கெடுபிடிச் சட்டமுள்ள கனடாவின் வின்ட்ஸரில் ஒன்றுகூட இல்லை. இங்கே மட்டும் சட்டம் கழன்றுகொள்கிறது, ‘மக்களின் பண்பாடு’ வந்து உட்காருகிறது! பண்பாடுதான் காரணம் என்றால், பெரும்பாலோர் மெக்சிகோ வழிவந்தவர்களாக இருக்கும் எல் பாஸோ எப்படி ஐந்தோடு நின்றது? விடையை முதலில் பார்த்துவிட்டு வழிமுறையைப் பின்னால் எழுதும் பையனுக்குக்கூட இரண்டு கணக்குக்கும் ஒரே வாய்பாடு வேண்டும் என்ற கூச்சம் இருக்கும்.

2019 ஆகஸ்ட் 3 அவர் கண்ணில் படவேயில்லை. அன்று காலை எல் பாஸோவின் வால்மார்ட் ஒன்றில், சட்டப்படி வாங்கிய துப்பாக்கியோடு டல்லாஸ் பக்கத்திலிருந்து காரோட்டி வந்த ஒருவன் சுட்டதில் 23 பேர் மாண்டார்கள். அவர்களில் 8 பேர் மெக்சிகோ குடிமக்கள். ஒரே ஒரு நாளை வைத்துச் சட்டத்தை எடைபோடுவது அநியாயம் என்று அவர் கொதிப்பாரானால், ஒரே ஒரு ஆண்டை வைத்து எடைபோட்டது யார்?