மரப்பாதை போட்டாச்சு, அப்புறம்?

சென்னை மெரினாவில் சாலையை விட்டு இறங்கினால் அலை வரைக்கும் சில நூறு மீட்டர் மணல். நன்றாக நடப்பவருக்கு அது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சுண்டல் கொறித்துக்கொண்டே கடக்கிற தூரம். வீல்சேரில் இருப்பவருக்கோ அந்த மணலே மதில் சுவர். முன்சக்கரம் சின்னது, புதைந்தால் அவ்வளவுதான். அப்புறம் நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். ஒரு பெரிய மனுஷரை மூட்டை மாதிரி தூக்கிப் போய்க் கடலைக் காட்டுவதற்குப் பெயர் உதவியா?

பல வருடங்கள் இதற்குக் கிடைத்த தீர்வு, டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் போடப்பட்ட தற்காலிகப் பாதை. விழா முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். மற்ற நாட்களில் கடலுக்கு லீவு போலிருக்கிறது!

விடாமல் கேட்டதன் பலனாக, 2022 நவம்பர் 27-ல் நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர், செலவு சுமார் 1.14 கோடி ரூபாய். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் அதன் கடலோர முனையைப் பெயர்த்துப் போட்டது. உடனே கிளம்பியது கேலி. கோடி ரூபாய் தண்ணீரில் போச்சாம்! புயலில் தார்ச்சாலையும்தான் பெயர்கிறது. அதற்காக இனி சாலையே வேண்டாம் என்று யாராவது சொல்கிறார்களா? பாதை பிறகு சரிசெய்யப்பட்டது. சாலைக்கு ஒரு நியாயம், சக்கர நாற்காலிக்கு ஒரு நியாயம் என்கிற புத்திதான் இன்னும் சரியாகவில்லை.

"எத்தனை பேர் வரப்போகிறார்கள்?" என்பது அடுத்த கேள்வி. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். முட்டி வலிக்கிற தாத்தா பாட்டிகளும், நிறைமாதக் கர்ப்பிணிகளும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வரும் அம்மாக்களும் இந்தக் கணக்கில் இல்லை. பாதையே போடாமல் வைத்துவிட்டு, யாரும் வரவில்லையே என்று கணக்குக் காட்டுவது கிணற்றை மூடிவிட்டுத் தண்ணீர் எடுக்க ஆள் வரவில்லை என்பது போல.

"இயற்கை கெட்டுவிடும்" என்கிறவர்களின் கவலையில் நியாயம் இருக்கிறது. பங்குனி ஆமைகள் ஜனவரியிலிருந்து சில மாதங்கள் சென்னைக் கடற்கரையில் முட்டையிட வருகின்றன. கண்ட இடத்தில் கான்கிரீட் கொட்டினால், இரவெல்லாம் விளக்கு எரித்தால் கேடுதான். ஆனால் அதற்கு விடை பாதையே கூடாது என்பதல்ல. இடம் பார்த்து, ஒரே ஒரு மரப்பாதை போட்டு, ஆமை வரும் மாதங்களில் இரவு விளக்கை அணைத்தால் போதும். ஏரிக்கரையிலும் சதுப்பு நிலத்திலும் அப்படித்தான். தெளிவான பாதை ஒன்று இருந்தால், கூட்டம் கண்டபடி புதருக்குள் மிதிப்பது குறையும்.

உண்மையான சிக்கல் வேறு. பாதை என்பது ஒரு சங்கிலி. பைக் உள்ளே வராமல் தடுக்க வாசலில் குறுக்கே கம்பி நட்டிருந்தால், உள்ளே எத்தனை அழகான நடைபாதை இருந்தும் வீல்சேர் வெளியிலேயே நிற்கும். கழிவறை வாசலில் ஒரே ஒரு படி இருந்தாலும் வந்தவர் தண்ணீர் குடிக்கப் பயப்படுவார். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்கான சாதாரணக் கணக்கு. அதை விட்டுவிட்டு, கடமைக்குச் செங்குத்தாகச் சிமென்ட் பூசினால் அது சறுக்கு மரம்! ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி சங்கிலி இல்லை.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொழுதுபோக்கு இடங்களையும் சேர்த்துத்தான் பேசுகிறது. அணுகல் தரம் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. அதனால் இது யாரும் போடுகிற பிச்சை இல்லை.

செய்ய வேண்டியது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. ஒரு பூங்காவையோ ஏரிக்கரையையோ திறப்பதற்கு முன்னால், வீல்சேரில் வரும் ஒருவரை பஸ் ஸ்டாப்பிலிருந்து தண்ணீர் ஓரம் வரை தனியாகப் போகச் சொல்ல வேண்டும். அவர் எங்கே நிற்கிறாரோ, வேலை அங்கே பாக்கி இருக்கிறது. ரிப்பன் வெட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.