தெமோதரையில் எடுத்த படம்

“புகையிரதம் தன் வாலைத் தானே கடிக்கும் இடம் எது?” என்று வகுப்பிலே ஒரு நாள் கேட்டோம். பதுளைப் பிள்ளைகளிடம் கேட்கத்தக்க கேள்வியா இது! “தெமோதரை, சேர்!” என்று பத்துக் குரல்கள் ஒருமித்து எழுந்தன. விடை சரியே. ஆயினும் அங்கே வண்டி வாலைக் கடிப்பதில்லை. கடிக்கும் அளவுக்கு அதன் வால் நீளமாக இல்லை. தெமோதரைக்குப் படம் பிடிக்கப் போகிறவர்கள் அடையும் முதல் ஏமாற்றம் இதுவே. கைத்தொலைபேசி உள்ளவர் எல்லோரும் படப்பிடிப்பாளராகிவிட்ட இக்காலத்தில், அந்தப் பாதையைப் படம் பிடிப்பது பற்றி இவ்வாரம் சிறிது எழுதலாம் என்று எண்ணுகிறோம்.

முதலில் பாதையின் வரலாறு. கொழும்பிலிருந்து ஏறி வரும் வண்டி பட்டிப்பொலையில் கடல் மட்டத்துக்கு மேல் 6226 அடி உயரத்தை அடைகிறது. அங்கிருந்து பதுளைக்குச் சுமார் 4000 அடி இறங்க வேண்டும். தண்டவாளம் 1893ஆம் ஆண்டு அப்புத்தளைக்கும், 1894இல் பண்டாரவளைக்கும் வந்துவிட்டது. பதுளைக்கு வந்ததோ 1924ஆம் ஆண்டில்! கூப்பிடு தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும் ஊருக்கு வர முப்பது ஆண்டுகள். இடையில் முதல் மகாயுத்தம் வேறு குறுக்கிட்டது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே இரும்பின்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் முடிந்தது. அதைத் தாண்டியதும் தெமோதரை மலை எதிரே நின்றது.

இப்பாதையில் 44 அடி ஓடினால் 1 அடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது விதி. நூறு அடி இறங்க வேண்டுமானால் 4400 அடி நீளப் பாதை தேவை என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மலையோ அவ்வளவு இடம் தரவில்லை. ஆகவே நிலையத்தை விட்டுப் புறப்படும் வண்டி குன்றை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, தான் சற்று முன் நின்ற அதே நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியேறும்படி பாதையை அமைத்தார்கள்.

இதற்கு ஒரு கதையும் உண்டு. வழி தெரியாமல் பொறியியலாளர் தவித்து நிற்கையில், அருகே நின்ற கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டினாராம். துரைக்கு அப்பொழுதுதான் மூளையில் மின்னல் அடித்ததாம். கதைக்கு ஆதாரம் தேடுவது வீண் வேலை. அமெரிக்காவில் தெஹாச்சப்பி என்னுமிடத்தில் 1876ஆம் ஆண்டிலேயே இத்தகைய வளையம் அமைந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் புரூசியோவில் ஒன்பது வளைவுகள் கொண்ட வட்டப் பாலத்தின் மேல் 1908 முதல் வண்டி சுற்றுகிறது. எந்தப் பொறியியலாளருக்கும் தலைப்பாகையின் உதவி தேவைப்பட்டிராது. எனினும் மலையகத்தார் அந்தக் கதையை விடுவதாக இல்லை, நாமும் விடமாட்டோம். மலையைக் குடைந்தும் மண் சுமந்தும் உழைத்தவர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படாத ஒரு பாதையின் வரலாற்றில், நம்மவர் ஒருவர் தலைப்பாகையுடன் நிற்பது அந்த ஒரு கதையில்தானே!

படத்துக்கு வருவோம். தெஹாச்சப்பி வளையம் ஏறக்குறைய 3800 அடி நீளமுடையது. அதிலும் நீண்ட சரக்கு வண்டிகள் அங்கே ஓடுவதால், இயந்திரம் மேலேயும் கடைசிப் பெட்டிகள் கீழேயுமாக ஒரே வண்டி தன்னைத் தானே தாண்டுவதை ஒரே படத்தில் அடக்கிவிடலாம். புரூசியோவில் வட்டம் முழுவதும் திறந்த வெளியில் கிடக்கிறது. படம் பிடிப்போர்க்கு அது பரிசு போன்றது. டார்ஜிலிங்கின் பட்டாசியா வளையமும் அவ்வாறே. நீலகிரியிலோ வளையமே இல்லை. பல்சக்கரத்தைப் பல் தண்டவாளத்தில் கோத்து நேரே ஏற்றிவிட்டார்கள். தெமோதரை இவற்றில் எதிலும் சேராது. வண்டி குறுகியது, குன்று குறுக்கே மறைக்கிறது, பாதை தன்னைத் தாண்டும் இடம் சுரங்கத்துக்குள்ளே இருக்கிறது. ஆகவே அதன் அதிசயத்தை ஒரு படத்தில் காட்ட இயலாது. எதிர்ச்சரிவில் நின்று, மேலே நிலையத்தில் வண்டி நிற்பதை ஒரு முறை எடுத்து, இடம் பெயராமல் காத்திருந்து, கீழே அதே வண்டி சுரங்க வாயிலில் தலை நீட்டுவதை மறுமுறை எடுக்க வேண்டும். இரண்டையும் கணினியில் ஒன்றாகச் சேர்த்தால் பொய்யாகுமா என்று ஒரு மாணவர் கேட்டார். படத்தின் கீழே அதை எழுதிவிட்டால் பொய்யாகாது என்றோம்.

காலம் பார்ப்பதும் முக்கியம். ஊவாவுக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழை. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வறட்சியாக வீசும்; ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தரும் மணம் ஏறுவதும் அக்காலத்திலேதான். அப்பொழுது எதிர்மலையின் கொழுந்துப் பாத்திகளும் தெளிவாகத் தெரியும்.

இவற்றையெல்லாம் வகுப்பிலே விளக்கிவிட்டு, 2025 ஆகஸ்டில் உயர்வகுப்பு மாணவர் சிலரை ஒரு சனிக்கிழமை அங்கே அழைத்துச் சென்றோம். தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம் என்று சொல்லியே அழைத்துச் சென்றோம். ஆனால் சொன்னதோடு நம் கடமை முடிந்ததென்று எண்ணியது எமது பிழை. சரிவிலிருந்து எடுத்த படங்களில் வண்டி தீப்பெட்டி போலச் சிறுத்துத் தெரிந்தது ஒரு மாணவருக்குப் பிடிக்கவில்லை. பிற்பகல் வண்டியை நேருக்கு நேர் எடுக்கும் ஆசையில், எமக்குத் தெரியாமல் இறங்கி, வளைவிலே தண்டவாளங்களுக்கு நடுவில் கைத்தொலைபேசியை நீட்டியபடி நின்றுவிட்டார். ஏறி வரும் வண்டி ஊரைக் கூட்டிக்கொண்டு வரும். இறங்கி வரும் வண்டி அப்படியல்ல. இயந்திரம் அடங்கியிருக்க, தடையை அழுத்திக்கொண்டு நழுவி வரும். வளைவும் வெட்டிய மண் சுவரும் இருக்கிற ஓசையையும் விழுங்கிவிடும்.

“டேய் தம்பி! கோச்சி வருதுடா! ஓரமா பாய்!”

தேயிலைக்குள்ளிருந்து வந்த அந்தக் குரல்தான் அவரைக் காப்பாற்றியது. அவர் ஓரத்துப் புல்லில் விழுந்த பின்னரே வண்டி கடந்தது. அவருடைய கைத்தொலைபேசியில் இருந்த படத்தில் வானமும் ஒரு மரக்கிளையும் மாத்திரமே தெரிந்தன. நாம் ஓடிச் சென்றபோது எமது கால்கள் நடுங்கியதை மாணவர்கள் கண்டிருப்பார்கள்.

விறகுக் கட்டுடன் நின்ற அந்த அம்மையாருக்கு அறுபத்தைந்து வயதிருக்கலாம். மாணவரைத் திட்டி முடித்துவிட்டு எம்மையும் திட்டினார். தகும். பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பிற்று.

“எத்தனை பேரு வந்து படம் புடிக்கிறாங்க சேர். வெள்ளைக்காரவங்க, கொழும்புக்காரவங்க. கூடையைத் தூக்கு, சிரி, கோச்சியைப் பாருன்னு சொல்லுவாங்க. அனுப்புறோம்னுவாங்க. ஒண்ணும் வந்ததில்லை.”

தம் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பழைய படம் என்றார். தாயும் தமக்கையும் இந்தியா செல்வதற்காக, கடவுச்சீட்டுக்கென்று பதுளைக் கடையொன்றில் எடுத்தது. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டதை நாம் பாடமாகக் கற்பிக்கிறோம். அந்தப் பங்கீடு ஒரே லயத்தின் ஒரே காம்பிராவுக்குள் எப்படி நடந்தது என்பதை அவர் இரண்டே வாக்கியத்தில் சொன்னார்: “எனக்கு இங்க பதிவு இருந்தவரோட கல்யாணமாயிடுச்சு. அவங்க இந்தத் தெமோதரையில கோச்சி ஏறி, தலைமன்னார் போய்க் கப்பல் ஏறிட்டாங்க.” தமக்கை இப்பொழுது குன்னூர்ப் பக்கம் இருக்கிறாராம். தாயார் அங்கேயே காலமாகிவிட்டார்.

புல்லில் விழுந்த மாணவரே கேட்டார்: “பாட்டி, உங்கள ஒரு படம் எடுக்கலாமா?” விறகுக் கட்டை இறக்கிவைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அவர் சரிவிலே நின்றார். சிரிக்கவில்லை, சிரிக்கச் சொல்லவும் இல்லை. பதுளையிலிருந்து திரும்பி ஏறும் வண்டி வரும் வரையில் எல்லோரும் காத்திருந்தோம். அவருடைய தோளுக்குப் பின்னால் அது சுரங்க வாயிலை நெருங்குகையில் படம் எடுக்கப்பட்டது. அன்று எடுத்த நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் அதுவே சிறந்தது என்பது எமது கருத்து. வண்டி அதிலும் தீப்பெட்டி அளவுதான்.

படத்தைத் தாளில் அச்சிட்டு மாணவர் எம்மிடம் கொடுத்தார். அடுத்த கிழமை கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னோம். தவணைப் பரீட்சை வந்தது, விடைத்தாள்கள் வந்தன. படம் எமது மேசை இழுப்பறையில் மூன்று மாதம் கிடந்தது. நவம்பர் இறுதியில் திட்வா புயல் வந்தது. பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்து உயிர்களைக் கொண்டன. மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களில் மண்ணுக்குள் போயிற்று. அந்த இரவுகளில் இழுப்பறையைத் திறந்து பார்க்கும் துணிவு எமக்கு இருக்கவில்லை.

வீதிகள் திறந்ததும் மாணவரும் நாமும் போனோம். லயத்தின் பின்சுவரில் ஒரு பக்கம் மண் ஏறியிருந்தது. அம்மையார் முற்றத்தில் நனைந்த பாய்களை உலர்த்திக்கொண்டிருந்தார். படத்தை இரு கைகளாலும் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, வெகுநேரம் பார்த்தார்.

“பின்னால கோச்சியும் வந்திருக்கே! இதே பாதைதான். அக்கா பார்த்தா சொல்லிரும்.” பிறகு சற்றுத் தயங்கிக் கேட்டார்: “இதே மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா சேர்? குன்னூருக்கு அனுப்ப.”

நாம் கொண்டுபோனது ஒன்றே ஒன்று. மாணவர் அன்று மாலையே மற்றொன்றை அச்சிட்டுவிட்டார். முகவரியை எம்மிடம் தராமல் தாமே எழுதி, மறுநாள் காலையில் பதுளைத் தபாற்கந்தோரில் தாமே சேர்த்தார்.