தங்கத்துக்கு முடிஞ்சது, முட்டைக்கு முடியாதா?



நாமக்கல் முட்டை மஸ்கட் போகுது, தோஹா போகுது, துபாய் போகுது. பண்ணைக்காரர் மக்காச்சோளம் வாங்குவது ரூபாயில். மஸ்கட் கடைக்காரர் முட்டை விற்பது ரியாலில். ஆனா நடுவுல பில் பெரும்பாலும் டாலரில்! ரியால் டாலராகி, டாலர் ரூபாயாகி ஊர் வந்து சேருது. ஒவ்வொரு மாற்றத்திலும் வங்கிக்கு ஒரு பிடித்தம்.

இது என்ன மாற்ற முடியாத விதியா? இல்லை. ஒரு காலத்தில் வளைகுடாவில் நம்ம ரூபாய்தான் ஓடியது. 1959-ல் அந்த நாடுகளுக்கென்றே ரிசர்வ் வங்கி 'வளைகுடா ரூபாய்' வெளியிட்டது. 1966 ஜூனில் ஒன்றிய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ஆனது. அதுவரை விலகாமல் இருந்த நாடுகளும் ஒவ்வொன்றாக விலகின. நம்பிக்கை போனா நாணயமும் போயிடும். இதுதான் அந்த வரலாறு சொல்லும் பாடம்.

"டாலர் ஏறினா ஏற்றுமதிக்கு லாபம்தானே?" என்று கேட்பார்கள். ஏற்றுமதி செய்பவருக்குச் சரி. உள்ளூரிலும் கேரளாவிலும் விற்கிற சிறு பண்ணைக்காரருக்கு? தீவனத்தில் கலக்கும் மெத்தியோனின் இறக்குமதிச் சரக்கு. கச்சா எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி. 2022-ல் அமெரிக்கா வட்டியை ஏற்ற, 75 ரூபாய் அளவில் இருந்த டாலர் அதே ஆண்டில் 83-ஐத் தொட்டது. முடிவு வாஷிங்டனில், சுமை சங்ககிரி லாரிக்காரர் தலையில், திருச்செங்கோடு ரிக் வண்டிக்காரர் தலையில்.

வழி திறந்துதான் இருக்கு. 2022 ஜூலையில் ரூபாயிலேயே பன்னாட்டு வணிகம் செய்ய ரிசர்வ் வங்கி அனுமதித்தது. 2023 ஜூலையில் ஐக்கிய அரபு அமீரகத்துடனும், 2024 நவம்பரில் மாலத்தீவுடனும் சொந்த நாணயங்களில் வணிகம் செய்ய ஒப்பந்தம் போட்டது. அமீரகத்தில் இருந்து 25 கிலோ தங்கம் ரூபாயில் வந்தது. 2023 ஆகஸ்டில் இந்தியன் ஆயில் 10 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெயை ரூபாய் கொடுத்து வாங்கியது. தங்கத்துக்கும் எண்ணெய்க்கும் முடிந்தது முட்டைக்கும் ஜவ்வரிசிக்கும் முடியாதா?

வெறும் அறிவிப்பு போதாது. எண்ணெய் விற்ற ரஷ்யாவிடம் கோடிக்கணக்கில் ரூபாய் தேங்கியது. அதை வைத்து நம்மிடம் வாங்கப் போதுமான பொருள் அவர்களுக்கு இல்லை. ரூபாய் ஓடணும்னா, ரூபாய்க்கு வாங்க நம்மிடம் சரக்கு இருக்கணும். அந்தச் சரக்கை உற்பத்தி செய்பவர்கள் சேலத்திலும் நாமக்கல்லிலும்தான் இருக்காங்க.

ஆகவே ஒன்றிய அரசுக்கு நம் கோரிக்கை மூன்று:

✊ சேலம், நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர் வங்கிக் கிளைகளில் ரூபாய் வணிகத்துக்குத் தனி உதவி மையம்.

✊ ரூபாயில் பில் போடும் சிறு ஏற்றுமதியாளருக்குக் கட்டணச் சலுகை.

✊ முட்டை வாங்கும் வளைகுடா நாடுகள் அனைத்துடனும் நேரடி நாணய ஏற்பாடு.

தோழர்களே, பொருளாதாரத் தன்னாட்சி டெல்லி மேடைப் பேச்சோடு முடியக்கூடாது. நம்ம பண்ணையின் பில் புத்தகம் வரைக்கும் அது வரணும். உங்க ஊர் பண்ணைக்காரரிடமும், சேகோ ஆலைக்காரரிடமும், லாரி உரிமையாளரிடமும் இதைப் பேசுங்க. பகிருங்க!