யார் கேட்டார் இந்த ஓய்வை?

‘பிளட் கேன்சர்’ என்று காதில் விழுந்தால் போதும், நம் ஊரில் எல்லோரும் மருத்துவராகிவிடுகிறார்கள். சித்தப்பா, மேலாளர், எச்.ஆர்., எதிர்வீட்டு மாமா என்று யார் வாயைத் திறந்தாலும் ஒரே சீட்டுதான்: “வேலையெல்லாம் போதும், வீட்டுல இருந்து ஓய்வெடுங்க.” பரிவோடு சொல்வதால் யாரும் இதை எதிர்த்துப் பேசுவதில்லை. நாள்பட்ட ரத்தப் புற்றுநோயில் சி.எம்.எல். என்றொரு வகை உண்டு. அது வந்தவருக்குச் சொல்லப்படும் இந்தப் புத்திமதி ஆளையே கெடுக்கும்.

இந்த நம்பிக்கைக்கு எண்பதுகளின் சினிமா உரம் போட்டது. நாயகன் இருமுவான், கைக்குட்டையில் ரத்தம் தெரியும், அடுத்த பாட்டுக்குள் கதை முடிந்துவிடும். அன்றைக்கு அது முழுப் பொய்யும் இல்லை. எலும்பு மஜ்ஜை மாற்று கிடைக்காத சி.எம்.எல். நோயாளிகளில் பலர் சில ஆண்டுகளே இருந்தார்கள். ஆனால் 2001 மே மாதம் அமெரிக்காவில் இமாட்டினிப் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்வதால் உருவாகும் ஒரு கோளாறான புரதம்தான் இந்த நோயின் வேர். மாத்திரை நேராக அதைப் போய் அடைக்கிறது. முதல் பெரிய ஆய்வில் இதைத் தொடங்கியவர்களில் 83 சதவீதம் பேர் பத்தாண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். கால் நூற்றாண்டு ஆகப்போகிறது. நம் தலைக்குள் மட்டும் அதே கைக்குட்டை.

மேலை நாடுகளில் இந்த நோய் பெரும்பாலும் ஓய்வு பெறும் வயதை ஒட்டி வருகிறது. இந்தியாவில் நாற்பதை ஒட்டியே வந்துவிடுகிறது. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கழுத்தில் தொங்கும் வயது. பலருக்கு அறிகுறியே இருக்காது. அலுவலகம் ஏற்பாடு செய்த வருடாந்திரப் பரிசோதனையில் பத்தாயிரத்துக்குள் இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் லட்சத்தைத் தாண்டி நிற்கும், அப்போதுதான் தெரியும். முந்தின நாள் வரை முழு ஷிஃப்ட் பார்த்தவர், ரிப்போர்ட் வந்த மறுநாளே ‘முடியாதவர்’ ஆகிவிடுகிறார். ஒரே ராத்திரியில் அவர் உடம்பில் என்ன மாறியது? ஒரு காகிதம் வந்தது, அவ்வளவுதான்.

வேலையை விடச் சொல்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. இந்த மாத்திரையை மலிவாக்கத்தான் இந்த நாட்டில் பெரிய சட்டப் போரே நடந்தது. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம், இமாட்டினிப்பைத் தயாரித்த நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தை நிராகரித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் போய், 2013 ஏப்ரல் 1 அன்று நிறுவனம் தோற்றது. மாதம் சுமார் 1,20,000 ரூபாய் விலை சொன்ன மருந்தின் இந்தியத் தயாரிப்பு அன்று பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. பிறகு இன்னும் இறங்கியது. சம்பளக்காரர் கைக்கு எட்டும் விலை. அந்தச் சம்பளத்தையே பிடுங்கிவிட்டு ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்றால் எதை வைத்துப் பார்ப்பது? வேலையோடு குரூப் இன்ஷூரன்ஸும் போகிறது. நோய் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் பி.சி.ஆர். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவார்கள். பிறகு மாத்திரையை ஒன்றுவிட்டு ஒரு நாள் சாப்பிடத் தொடங்குவார்கள். அதன் விளைவு 2010இல் வெளியான லண்டன் ஆய்வில் இருக்கிறது. பத்தில் ஒரு மாத்திரைக்கு மேல் தவறவிடாமல் சாப்பிட்டவர்களில் 94 சதவீதத்தினருக்கு ஆறாண்டுகளில் நோய் நன்றாக அடங்கியது. அதற்கு மேல் தவறவிட்டவர்களில் 28 சதவீதத்தினருக்குத்தான். இந்த நோயைப் பிடித்து வைத்திருப்பது மாத்திரை. சாய்வு நாற்காலி இல்லை.

நோயாளிக்கு ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அசதி உண்டு, தூங்கி எழுந்தாலும் தீராத அசதி. கெண்டைக்கால் இழுக்கும், காலையில் கண் இமை வீங்கும், சில நாள் வயிறு சொன்னபடி கேட்காது. சிலருக்கு நோய் முற்றும், சிலருக்கு மருந்து ஒத்துக்கொள்ளாது. அவர்களுக்கு ஓய்வு வேண்டும், சம்பளத்தோடு வேண்டும். அதை மருத்துவரும் அவரும் பேசி முடிவு செய்யட்டும். மேலாளர் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய இது ஜாதகம் இல்லை. முகத்தைப் பார்ப்பதில் இன்னொரு கூத்தும் உண்டு. வாடியிருந்தால் ‘பாவம், அனுப்பிவிடலாம்’; தெளிவாக இருந்தால் ‘நல்லாத்தானே இருக்கார், லீவுக்கு நடிக்கிறார்’. இந்த இரண்டுக்கும் பயந்துதான் மாத்திரையை வைட்டமின் டப்பாவில் மாற்றி வைக்கவும், பரிசோதனைக்குப் போகும் நாளில் உறவினர் கல்யாணம் என்று சொல்லவும் வேண்டியிருக்கிறது.

இதுவும் மாதச் சம்பளக்காரர் பாடுதான். திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு அரசு மருத்துவமனையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் கூலி போச்சு. ‘ஓய்வெடு’ என்று அவரிடம் சொல்பவர் அரிசி வாங்கித் தரப்போவதில்லை.

சட்டம் என்ன செய்கிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஹீமோஃபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் ஆகிய ரத்தக் கோளாறுகள் அதில் உண்டு. ரத்தப் புற்றுநோய் இல்லை. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டமோ, புற்றுநோய் என்று உறுதியான நாளிலிருந்தே ஊழியருக்குப் பாதுகாப்புத் தருகிறது. நம்மால் முடியாத காரியமும் இல்லை. எச்.ஐ.வி. உள்ளவரை அந்தக் காரணத்துக்காக வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று 2017இல் சட்டம் போட்ட நாடு இது. தகுதியில்லை என்று நீக்க வேண்டுமானால், அதை மருத்துவரின் எழுத்துபூர்வ மதிப்பீடு சொல்ல வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அதே விதியைப் புற்றுநோய்க்கும் எழுதினால் போதும். அது வரும்வரை எச்.ஆர். செய்யக்கூடியது இரவு ஷிஃப்டை மாற்றிக் கொடுப்பது, மூன்று மாதத்துக்கு ஒரு நாள் பரிசோதனைக்குக் கேள்வி கேட்காமல் லீவு கொடுப்பது, மற்ற நாளில் அவருக்குரிய வேலையை அவரிடமே கொடுப்பது.