வானத்திலிருந்து விழுவதற்கு யார் பிணை?

2015 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13 ஆந் திகதி வெள்ளிக்கிழமை, முற்பகல் 11.50 மணியளவில், நம் தீவின் தென்கரைக்கு அப்பாலுள்ள கடலின்மேல் விண்வெளிப் பழம்பொருளொன்று எரிந்து வீழ்ந்தது. 1998 இல் சந்திரனுக்குச் சென்ற அமெரிக்கக் கலமொன்றை உந்திய பகுதியாக அது இருக்கக்கூடுமென விஞ்ஞானிகள் கருதினர். அது விழும் நாளையும் இடத்தையும் ஏறக்குறைய ஒரு மாதத்திற்கு முன்னரே கணித்தும்விட்டனர், கணிப்புப் பிசகவில்லை. இதனைக் கண்டு, வானத்துக் குப்பை எதுவாயினும் பஞ்சாங்கத்திற் கிரகணம் குறிப்பதுபோலக் குறித்துவிடலாமென எவரேனும் எண்ணுவாராயின் அது பெருந்தவறாகும்.

அப்பொருள் சந்திரனுக்கும் அப்பாலிருந்து நேரே பாய்ந்து வந்தது; காற்றோடு நெடுங்காலம் உராய்ந்து திரியவில்லை. ஆகவே கணக்கு எளிதாயிற்று. பூமியை ஒட்டிச் சில நூறு கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதிகளினதும் ரொக்கெற் உடல்களினதும் நிலை வேறு. அங்குள்ள மெல்லிய காற்றே அவற்றைச் சிறிது சிறிதாகக் கீழே இழுக்கின்றது. அக்காற்றோ ஒரு நிலையில் நிற்பதன்று. சூரியன் கொந்தளிக்கும்போது சூடேறி விரிகின்றது, அடங்கும்போது சுருங்குகின்றது. பொருள் உருண்டு புரண்டு வருவதாற் காற்றின் தடையும் மாறிக்கொண்டேயிருக்கும். எஞ்சிய காலத்திற் பத்திலொன்று முதல் ஐந்திலொன்று வரை பிழை நேருமென்பதே அத்துறையினரின் பொது அனுபவம். நாளை விழுமென்றால் அதிற் சில மணி நேரம் முன்பின்னாகும். அப்பொருள் பூமியை ஒருமுறை சுற்றிவர ஒன்றரை மணி நேரமே போதும். ஒரு நிமிடம் பிசகினால், பருத்தித்துறைக்கும் தெய்வேந்திரமுனைக்கும் இடைப்பட்ட தூரத்தினும் கூடுதலாக இடம் பிசகிவிடும்.

2021 மே 9 இல், இருபது தொன்னுக்கு மேற்பட்ட சீன ரொக்கெற் உடலொன்று மாலைதீவுக்கு அருகே இந்து சமுத்திரத்தில் வீழ்ந்தது. கடலில் வீழ்ந்தது நல்லூழேயன்றி எவருடைய திறமையுமன்று. முந்திய ஆண்டில் அதே வகை ரொக்கெற் வீழ்ந்தபோது, ஐவரி கோஸ்ற் நாட்டுக் கிராமங்களில் உலோகத் துண்டுகள் கண்டெடுக்கப்பட்டன.

சட்டம் இல்லாமலில்லை. 1972 ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கைப்படி, தரையில் நேரும் சேதத்துக்கு ஏவிய நாடு முழுப் பொறுப்பாளி. அந்நாட்டின் கவனயீனத்தை எண்பிக்க வேண்டுவதில்லை. 1978 இல் சோவியத் நாட்டின் கொஸ்மொஸ் 954 என்னும் அணுசக்திச் செய்மதி வட கனடாவிற் சிதறியது. கனடா ஆறு மில்லியன் டொலர் கேட்டு, 1981 இல் மூன்று மில்லியன் பெற்றது. ஆனால் கனடாவின் குரலும் சிறுநாட்டின் குரலும் ஒன்றல்ல. வயலில் இரும்பு விழுந்த கமக்காரன் அவ்வுடன்படிக்கையின் கீழ்த் தானே வழக்குரைக்க முடியாது. ஓர் அரசே, ஓராண்டுக்குள், இராசதந்திர வழியிற் கோரவேண்டும். அரசு வாளாவிருந்தால் அவன் கதி என்ன? உயிர், உடல், சொத்து ஆகியவற்றின் இழப்பையே உடன்படிக்கை சேதமென்கின்றது. கடலுக்குப் போகாதே என்ற எச்சரிக்கையால் ஒருநாட் பிழைப்பை இழந்த மீனவனைப்பற்றி அதில் ஒரு சொல்லேனும் இல்லை. நியாயவாதிகள் இவ்விடைவெளியைக் கவனித்தல் வேண்டும்.

எரிபொருளிற் சிறிது மிச்சம் வைத்து, பசிபிக்கின் ஆளில்லாத் தென்பகுதியிற் பொருளை இறக்கும் வழி உண்டு. நூறு தொன்னுக்கு மேற்பட்ட 'மிர்' நிலையத்தை 2001 மார்ச்சில் ரஷ்யா அவ்வாறே இறக்கிற்று. செலவை மிச்சம்பிடிக்க அதனைத் தவிர்ப்போர், அச்செலவைப் பிறர் தலையிற் சுமத்துகின்றனர். பெரிய ரொக்கெற் உடல்களை இவ்வாறு இறக்குவதைக் கட்டாயமாக்க வேண்டுமென்றும், மீனவனின் நாட்கூலியும் சேதமென்றே எழுதப்பட வேண்டுமென்றும் இலங்கை அரசு ஐக்கிய நாடுகள் சபையிற் கோருதல் வேண்டும்.